தனி டம்ளர்

ஞானசெல்வியின் ரத்தத்தில் எச்.ஐ.வி. கிருமி இந்த முறை தென்படவே இல்லை என்று வைரல் லோடு டெஸ்ட் சொன்னது. “மாத்திரைய மட்டும் விட்டுராதீங்க. டம்ளர்ல இது என்னைக்குமே ஒட்டாதும்மா” என்றார் டாக்டர். கூடப் போயிருந்த தம்பி மனைவி ஜெசிந்தா, வீட்டுக்கு வந்ததும் ஞானசெல்விக்கென்று ஜன்னலில் ஒதுக்கி வைத்திருந்த தனி டம்ளரைக் குப்பையில் எறிந்தாள். தன்னுடைய டம்ளரிலேயே காபி ஆற்றிக் கொடுத்தாள்.

“இனிமே வாய் வச்சே குடிங்க மதினி.”

ஞானசெல்வி அப்படித்தான் குடிக்க நினைத்தாள். ஆனால் கை பழக்கத்தில் மேலே போனது. தலை அண்ணாந்தது. காபி கழுத்தில் வழிந்து சுட்டது. உதடு கடைசிவரை விளிம்பைத் தொடவில்லை. குடித்து முடித்ததும் டம்ளரைத் தானே கழுவி, அதே ஜன்னலில் கவிழ்த்து வைத்தாள்.

ஜெசிந்தா பார்த்துக்கொண்டுதான் நின்றாள். அதை எடுத்து உள்ளே வைக்கவில்லை.