மூணாவது மணி

"மூணாவது மணியை அடிக்கப்போறீங்களா, இல்லையா?"

ஹெட்கிளார்க் போட்ட சத்தத்தில் படகே திரும்பிப் பார்த்தது. படகை ஓட்டும் சாரங்கு மட்டும் காதில் வாங்கவில்லை.

பாட்டன் காலத்துப் படகு. காலையில் தீவிலிருந்து நகரத்துக்கு ஒருதரம், சாயங்காலம் திரும்ப ஒருதரம். அவ்வளவுதான். மூணாவது மணி அடித்தால்தான் கயிற்றை அவிழ்ப்பார்கள். அந்த மணியோ தினமும் ஒருத்திக்காகத் தவம் கிடக்கிறது. நகரத்து லாட்ஜில் துணி துவைக்கிறவள்.

அதோ, ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே ஓடி வருகிறாள்.

"வாம்மா மகாராணி! உங்க வீட்டுப் படகா இது?"

"மன்னிச்சிடுங்க சார். இதை விட்டா என் வேலை போயிடும்."

"எனக்கு மட்டும் வீடு வாசல் இல்லையா? படுக்கையில கிடக்கற அப்பாவை வெச்சுக்கிட்டு, சமைச்சு, டப்பாவுல போட்டு அவர் பக்கத்துல வெச்சுட்டு, முதல் ஆளா வந்து உட்காரலை? சாயங்காலம் போய்ப் பார்த்தா டப்பா காலி. எதுக்கும் ஒரு ஒழுங்கு வேணும்!"

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அப்புறம் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு ஓரமாகப் போய் உட்கார்ந்தாள்.

ஹெட்கிளார்க் விடுவாரா? அன்றைக்கே படகு ஆபீசுக்குப் போய்ப் புகார் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் மறுவேலை பார்த்தார். படகு இனி யாருக்காகவும் நிற்காது என்று சாயங்காலமே போர்டில் ஒட்டிவிட்டார்கள்.

மறுநாள் அவர் பின்னாலேயே அவளும் ஏறினாள். மூணாவது மணியும் சரியான நேரத்தில் அடித்தது. படகு கரையை விட்டு நகர்ந்தது.

ஹெட்கிளார்க்குக்குத் தலைகால் புரியவில்லை.

"பார்த்தீங்களா? ஒரு அதட்டல் போட்டா எல்லாம் தானா வழிக்கு வருது! ஏம்மா, இன்னிக்கு மட்டும் எப்படி முடிஞ்சுது?"

அவள் கண் கலங்கியது.

"உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு உங்கப்பா சத்தியம் வாங்கியிருந்தார் சார். தெரிஞ்சா நீங்க வேலையை விட்டுடுவீங்களாம். கை நடுக்கத்துல அவரால டப்பாவைத் திறக்கவே முடியாது. நீங்க தெரு முனை தாண்டினதும் நான்தான் போய் ஊட்டிட்டு வருவேன். இன்னிக்குப் போகலை."

ஹெட்கிளார்க் அடித்துப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"சாரங்கு! படகைத் திருப்புங்க! எங்கப்பா சாயங்காலம் வரைக்கும் பட்டினி!"

சாரங்கு திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"யாருக்காகவும் நிக்கக் கூடாதுன்னு நீங்கதானே சார் எழுதிக் கொடுத்தீங்க?"