குழாயடி இல்லாத இடம்

படியேறும்போதே வசவுகளை ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

பேமானி. கஸ்மாலம். சோமாரி.

எல்லாம் நாக்கில் பத்திரமாகத்தான் இருந்தன.

இடுப்பில் விளிம்பு உடைந்த பிளாஸ்டிக் குடம். ராயபுரத்துக் குழாயடியில் தேசம்மா பிடித்து இழுத்ததில் உடைந்தது. அதற்கு நியாயம் கேட்கப் போகிறாளாம், இத்தனை வருஷம் கழித்து!

நியாயமாவது, மண்ணாங்கட்டியாவது.

குடிசைகளை எடுத்துவிட்டு, ஊருக்கு வெளியே இந்த அடுக்குமாடிகளுக்கு ஆளுக்கொரு பக்கமாக அனுப்பிய பிறகு, அவளை யாரும் ‘இன்னாமே’ என்று கேட்கவில்லை. வீட்டுக்குள்ளேயே குழாய். அக்கம்பக்கம் சாத்திய கதவுகள். மகன் இருட்டிய பிறகு வருவான். வந்ததும் போனை எடுத்துக்கொள்வான்.

பழைய தெரு துறைமுகத்தை ஒட்டியது. மூட்டை இறக்க வந்தவன், இறக்கச் சொன்னவன், கப்பலில் வந்த வெள்ளைக்காரன், கடை போட்ட சாயபு, தெலுங்குக்காரர் என்று எல்லார் பேச்சும் அங்கே ஒன்றாய்க் குழைந்து கிடந்தது. அதில் திட்டு வாங்கித்தான் அவள் வளர்ந்தாள். திட்ட ஆளில்லாமல் இருப்பது இப்படி வதைக்கும் என்று யாருக்குத் தெரியும்?

குடத்தைத் தேசம்மா வீட்டு வாசலில் இறக்கி வைத்துக் கதவைத் தட்டினாள்.

தேசம்மாதான் திறந்தாள். பாதியாக இளைத்திருந்தாள்.

“எங்கொடத்த ஒட்ச்சவ நீதானமே? இன்னா பாக்குற, பேமானி? வாய்ல இன்னா கொயக்கட்டயா?”

தேசம்மா பதறிப்போய் உள்ளே திரும்பிப் பார்த்தாள். மருமகள் பேரனுக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

“மெதுவா பேசுங்க. உள்ள வந்து உக்காருங்க.”

உக்காருங்களாம்!

‘நவுந்து குந்துமே’ என்று குழாயடியையே அதட்டிய வாய்.

அவளுக்கு நாலு அறை விட்டிருந்தால்கூட இப்படி வலித்திருக்காது.

திரும்பி இறங்கத் தொடங்கினாள். பின்னால் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

ஒரு மாடி இறங்கியிருப்பாள்.

மேலே கதவு மறுபடி திறந்தது.

“இன்னாமே! கொடத்த வுட்டுட்டு நீ பாட்டுக்குப் போய்க்கினே கீற? கண்ணு அவிஞ்சி பூட்ச்சா, கஸ்மாலம்?”

மாடிப்படி முழுக்க அந்தக் குரல் முழங்கியது. கீழே ஒரு வீட்டில் யாரோ எட்டிப் பார்த்தார்கள்.

அவள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு சொல் விடாமல் கேட்டிருந்தது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, மேலே பார்த்துக் கத்தினாள்.

“இன்னாடி சொன்ன? காதுல வுயல. இன்னொரு தபா சொல்லு!”