தூங்காத டவர்

"இன்னும் தூங்கலையா அது?"

"இல்லீங்க மேடம். நல்லா முழிச்சுட்டு இருக்கு" என்றது போன் ஸ்பீக்கரில் டெக்னீஷியன் ஒல்லியின் குரல். அவன் குன்றின் மேல், டவருக்கு அடியிலேயே கருவி அறையில் இருந்தான்.

பொறியாளர் கையிலிருந்த பேனாவை மேசையில் வீசினாள்.

அந்தக் குன்றில் இரண்டு செல்போன் டவர்கள். ஒன்று அவளுடைய கம்பெனியுடையது, மற்றது போட்டிக் கம்பெனியுடையது. யாரும் பேசாத நேரத்திலும் இரண்டும் மின்சாரத்தைக் குடித்துக்கொண்டே இருந்தன. ஒரே வாசலுக்கு இரண்டு குடித்தனக்காரர்கள் ஆளுக்கொரு விளக்கை எரிப்பது மாதிரி. 'கூட்டம் குறைந்தால் எங்கள் டவர் தானாகத் தூங்கட்டும், எங்கள் வாடிக்கையாளர்களைப் பக்கத்து டவர் பார்த்துக்கொள்ளட்டும்' என்று இரண்டு கம்பெனிகளையும் சம்மதிக்க வைப்பதற்குள் அவளுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. இன்று கல் குவாரிக்கு விடுமுறை, குன்றுப் பக்கம் ஆளே கிடையாது. இன்றைக்கும் தூங்காவிட்டால் திட்டத்தைக் குப்பையில் போடச் சொல்லிவிட்டார் டைரக்டர். மதியம் வரைதான் கெடு.

எதிரே போட்டிக் கம்பெனிப் பொறியாளர் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். அவளுடைய அக்கா கணவர் வேறு.

"உங்க டவர் எங்க ஆளுங்களைச் சேத்துக்க மாட்டேங்குது. அதான் விஷயம்" என்றாள்.

"வந்தவங்களை எல்லாம் உள்ள கூப்பிட்டு உக்கார வச்சாச்சு. உன் டவர்ல இன்னும் யாரோ ஒட்டிக்கிட்டு இருந்தா நான் என்ன பண்ண?"

"ஆபீஸ்னு பாக்கறேன் அத்தான். இல்லைன்னா வேற மாதிரி பேசிடுவேன்."

"வீட்லயும் இப்படித்தானே பேசறே."

அவள் பல்லைக் கடித்தாள். "ஒல்லி, லைன்ல எத்தனை பேரு?"

"ஒரே ஒருத்தர் மேடம். மத்தவங்க எல்லாரும் பக்கத்து டவருக்குப் போயாச்சு."

"அந்த ஒருத்தரையும் இழுத்துக்க வேண்டியதுதானே அத்தான்? ஒரு ஆளுக்கு இடமில்லையா உங்ககிட்ட?"

"பேசிட்டு இருக்கறவங்களை நடுவுல மாத்தினா பேச்சு அறுந்துடும், அவங்களா முடிக்கற வரைக்கும் டவர் காத்திருக்கணும்னு விதி போட்டது யாரு? நான் இல்ல, நீ."

அவள் முகம் சிவந்தது. இத்தனை பேரோடு மல்லுக்கட்டி இங்கே வரை கொண்டுவந்ததை முகம் தெரியாத ஒருவன் வெட்டிப் பேச்சால் கெடுப்பதா?

"யாரு அந்த வாயாடி? காலையிலேர்ந்து மூச்சு விடாம பேசறான். ஒல்லி, வெளிய போய்த் தேடு. கிடைச்சான்னா முதல்ல போனைப் பிடுங்கு."

ஸ்பீக்கரில் காற்று இரைந்தது. சரளைக் கற்கள் நொறுங்கின. பிறகு, "சுத்திப் பாத்துட்டேன் மேடம். ஈ காக்கா இல்ல."

"நல்லாப் பாரு. அத்தானோட ஆளு எவனாவது புதர்ல ஒளிஞ்சிருப்பான்."

"ஆமா, புதருக்கு ஆள் வச்சுச் சம்பளம் குடுக்கறதுதான் எங்க கம்பெனி வேலை" என்றார் அத்தான்.

வெளியே டைரக்டர் அறைக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. செருப்புச் சத்தம் இந்தப் பக்கமாக வந்தது.

"உள்ள போ ஒல்லி. அந்த வாயாடி எப்ப லைனுக்கு வந்தான்னாவது பாத்துச் சொல்லித் தொலை."

ஸ்பீக்கரில் விசைகள் தட்டும் சத்தம் கேட்டது.

"நீங்க என்னைத் திட்ட ஆரம்பிச்ச நேரத்தைத்தான் மேடம் காட்டுது."

அவள் மேசை மேலிருந்த தன் போனைப் பார்த்தாள். அத்தான் வாயைத் திறப்பதற்குள் ஒல்லியின் அழைப்பைத் துண்டித்தாள். குன்றின் மேல் டவர் தூங்கிவிட்டது.