உருகிப்போன மீன்

ஹோம்புஷ் புறநகரின் அடுக்குமாடிக் குசினியில், சுஜீவாவின் சாப்பாட்டு மேசைமேல் இரண்டு கைபேசிகள். ஒன்றில் லண்டன் தம்பி இளங்கீரனின் முகம் தெரிகிறது. கவிழ்த்து வைத்த மற்றதில் பாரிஸ் அண்ணன் விக்னராஜா சத்தமில்லாமல் கேட்டுக்கொண்டிருக்கிறார். அது தம்பிக்குத் தெரியாது. தம்பி லொறியில் அனுப்பும் உறைய வைத்த மீனைத்தான் அண்ணன் பாரிஸ் கடையில் விற்கிறார். போன மாத லொறி வந்து சேரவில்லை. தம்பி அதை வேறு யாருக்கோ விற்கப் பதுக்கி வைத்திருக்கிறான் என்பது அண்ணனின் எண்ணம்.

"பிரிட்டன் ஐரோப்பிய யூனியனை விட்டாப் பிறகு பெட்டிக்குப் பெட்டி பேப்பர் கேக்கிறாங்கள், அக்கா. ஒரு கையெழுத்து இல்லையெண்டு லொறியைத் துறைமுகத்தில மறிச்சுப்போட்டாங்கள். மீன் உருகிப் பழுதாப்போச்சு."

"எல்லாத்தையும் எறிஞ்சிட்டாங்களோ?"

"ஓம். ஒண்டும் மிஞ்சேல்லை. வேணுமெண்டா என்ர ஃப்ரீசரைப் பாருங்கோ."

அவன் மூடியைத் தூக்கிக் காட்டுகிறான். வெண்புகை திரையை நிறைக்கிறது. அது விலகுமுன் மூடி விழுந்துவிடுகிறது. உள்ளே கிடந்தது மீன்பெட்டியா வெறும் பனியா என்று சுஜீவாவுக்குப் பிடிபடவில்லை. தம்பி கழுத்தைச் சொறிகிறான். சின்ன வயதிலிருந்தே அவனுக்குள்ள பழக்கம்தான். ஆனாலும் இன்றைக்கு அவள் அதையே பார்க்கிறாள். ரயில் கடக்க, சன்னலில் மாலை வெயில் நடுங்குகிறது. அந்த இரைச்சல் ஓய்ந்த கணத்தில் கவிழ்ந்த கைபேசிக்குள் யாரோ மெல்லச் செருமுகிறார்கள்.

இளங்கீரனின் கை கழுத்திலேயே நிற்கிறது.

"அக்கா, பக்கத்தில ஆரும் நிக்கினமோ?"

"ஒருத்தரும் இல்லையடா," என்கிறாள் சுஜீவா. அவளுடைய உள்ளங்கை கவிழ்ந்த கைபேசியை மேசையோடு சேர்த்து அழுத்துகிறது.