ஆயிரத்து நூறு மைல்

"தூக்கலாம். இனிமே யாருக்காகவும் காத்திருக்க வேணாம்" என்றார் சுப்பராயலு மாமா, என் கணவரின் அண்ணன்.

பந்தலில் முணுமுணுப்பு எழுந்தது. அப்பாவுக்கு மூத்தவன், அம்மாவுக்கு இளையவன். என் மாமியாருக்குக் கொள்ளி வைக்க வேண்டியவர் என் கணவர் சீனுவாசன். அவரோ உத்தியோகத்துக்குப் போன டெல்லியில்.

"இளையவனுக்கு உள்ளதை நீ ஏண்டா புடுங்கற?" மாமியாரின் தங்கை தையல்நாயகி கேட்டார். "கொள்ளி வெச்ச கையோட வூட்டையும் வளைச்சுக்கலாம்னு பார்க்கறியா?"

"விடியக்காலையிலயே போன்ல சேதி சொல்லியாச்சு சின்னம்மா. டெல்லிலேர்ந்து ரயில்ல வர ரெண்டு நாள் ஆவும். அதுவரைக்கும் அம்மாவை எப்படிப் போட்டு வெக்கறது?"

மாமாவை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை நான். இப்போது வாயை மூடிக்கொண்டால், 'நீ இருந்துமா விட்டே?' என்று என் கணவர் ஆயுசுக்கும் கேட்பாரே.

இடுப்பிலிருந்த குழந்தையை இறுக்கிக்கொண்டேன்.

"விமானத்துல வரலாங்க மாமா. டெல்லிக்கும் மெட்ராஸுக்கும் ஆயிரத்து நூறு மைல். அஞ்சாறு மணி நேரம்தான். மீனம்பாக்கத்துல டாக்சி பிடிச்சா, பொழுது சாயறதுக்குள்ள திண்டிவனம் வந்துடலாம்."

"கேட்டியாடா? கான்வென்ட்ல படிச்ச பொண்ணு, கணக்காச் சொல்லுது. சாயங்காலம் வரைக்கும் இருந்தா உனக்கு என்னா பேஜாரு?" என்றார் தையல்நாயகி.

"வேணாம்மா ஜெயம். அது ஆவாது."

மாமா என் முகத்தைப் பார்க்கவில்லை. வீட்டைப் பற்றித் தையல்நாயகி அத்தை சொன்னது சரிதானோ என்று எனக்கும் பட்டது.

பக்கத்து ரைஸ்மில்லில் போன் இருந்தது. ஓடினேன். அவசர டிரங்க் கால். லைன் கிடைப்பதற்குள் வீட்டு வாசலில் பறை இரண்டு முறை நின்று, மறுபடி ஆரம்பித்தது. என்னை விட்டுவிட்டே தூக்கிவிடுவார்களோ?

ஒருவழியாக அவர் குரல் கேட்டது.

"எந்த பிளேன்ல வர்றீங்க? உங்களுக்காக எல்லாரையும் நிறுத்தி வெச்சிருக்கேன்."

"உன்னை யார் நிறுத்தச் சொன்னது?" இரைச்சலுக்கு நடுவே எரிச்சலோடு பேசினார். "நாளைக்கு எனக்குப் பிரமோஷன் இன்டர்வியூ. வர முடியாது, கருமாதிக்கு வர்றேன்னு காலையிலயே அண்ணன்கிட்ட சொல்லிட்டேனே. பிளேன்ல வாடான்னு அவரும் அழுது பார்த்துட்டார்."

போனை எப்படி வைத்தேன் என்று தெரியவில்லை.

நான் திரும்பியபோது மாமா அதே இடத்தில் தலை குனிந்து நின்றிருந்தார். தையல்நாயகி இன்னமும் ஏசிக்கொண்டிருந்தார்.

"என்னாம்மா சொல்றான்? எப்ப வர்றானாம்?" என்று என்னிடம் திரும்பினார்.

பந்தல் மொத்தமும் என்னைப் பார்த்தது. மாமா நிமிர்ந்தார். 'சொல்லிடாதேம்மா' என்று கண்ணாலேயே கெஞ்சினார்.

"லைன் கிடைக்கலைங்க அத்தை. மாமா சொன்னதுதான் சரி" என்றேன். "நான்தான் கணக்கைத் தப்பாப் போட்டுட்டேன். டெல்லியிலேர்ந்து இன்னிக்குள்ள யாராலயும் வந்து சேர முடியாது."