நான்காவது அரங்கம்

கல்லூரி வாலிபால் போட்டிக்கு எந்தப் பதினாறு அணிகள் தேர்வாகும், எந்த நான்கு கல்லூரிகளில் ஆட்டம் நடக்கும் என்று, தேர்வுக் குழு அறிவிப்பதற்கு முதல் நாளே எழுதிவிடுவார் அந்த விளையாட்டு நிருபர். ஒன்பது வருடமாக ஒன்றுகூடப் பிசகியதில்லை. அலுவலகத்தில் அவருக்குப் பெயரே ‘ஜோசியர்’.

இந்த முறை பேப்பர் வெளிவந்ததும் ஆசிரியர் கத்தினார்.

“யோவ் ஜோசியரே, நாலாவதா ஒரு காலேஜைப் போட்டிருக்கியே, அந்த ஹாலை இடிச்சு நீச்சல் குளம் கட்டி ஆறு மாசமாச்சு! நேர்ல போய்ப் பார்க்கவே மாட்டியா?”

ஜோசியர் நாற்காலியை விட்டு எழாமல், போன வருடப் பட்டியலில் இருந்த பெயரையே தூக்கிப் போட்டிருந்தார்.

மறுநாள் மாலை தேர்வுக் குழுவின் அறிவிப்பு வந்தது. பதினாறு அணிகளும் அப்படியே. நான்கு இடங்களும் அப்படியே, நீச்சல் குளம் உட்பட!

ஜோசியர் வாயைப் பிளந்து நிற்கும்போதே போன் அடித்தது. பேசியவர் தேர்வுக் குழுத் தலைவர்.

“என்ன சார், இப்படிக் கவுத்துட்டீங்க? தண்ணிக்கு நடுவுல வலை கட்டவான்னு அந்த பிரின்சிபால் கிழிகிழின்னு கிழிக்கிறார். ஒன்பது வருஷமா உங்க பேப்பரை நம்பித்தானே சார் பொழப்பு நடத்துறோம்? கொஞ்சம் விசாரிச்சு எழுதக் கூடாதா?”