வீரசிங்கத்தின் மகள்

"உயிரோட எதுக்க நிக்கிற மனுசியை ஒருத்தனும் பாக்க மாட்டேங்கிறான். இப்பல்லாம் எல்லாருக்கும் கடுதாசியைத்தான் பாக்கணும்!"

பூனாகலைத் தேயிலைத் தோட்டத்து வாசிகசாலையில், அதிகாரிகளே நேரில் வந்து பத்திரம் பார்க்கும் அரசாங்க நடமாடும் சேவை. வரிசையில் நின்ற வீரசிங்கம் முணுமுணுத்தார். எழுபத்து மூன்று வயதிலும் அவருடைய முணுமுணுப்பு வாசல் வரைக்கும் கேட்கும்.

"மெதுவா பேசுங்க தாத்தா," என்றாள் நிரஞ்சலா. இந்தியாவுக்கு அகதியாகப் போய் இலங்கைக்குத் திரும்பியவர்களுக்குக் குடியுரிமை வாங்கிக் கொடுக்கப் பதுளையிலிருந்து வருகிறவள். "இன்னைக்குக் கையெழுத்தாயிட்டா இந்த அக்காவுக்கு அடையாள அட்டை கெடைக்கும். அடுத்த தேர்தல்ல வோட்டும் போடலாம்."

"நானும் இருவது வருசமா போடுறேன். லயத்து வீட்டுக் கூரை இன்னும் ஒழுகிட்டுத்தான் இருக்கு."

பக்கத்தில் நின்ற பெண்ணுக்கு நாற்பத்தாறு வயது. மண்டபம் முகாமில் வளர்ந்து, கல்யாணம் கட்டி, புருஷனையும் அங்கேயே எரித்துவிட்டு, போன வருஷம்தான் மகனோடு திரும்பியிருந்தாள். இன்றைக்கும் காரியம் நடக்காவிட்டால் அவளுக்கு இந்த நாடும் இல்லை, அந்த நாடும் இல்லை.

"விஜயலெட்சுமி!" என்று கூப்பிட்டார் அதிகாரி.

அவள் அசையவில்லை. வீரசிங்கம் முழங்கையால் இடித்தார். "ஒன்னையத்தான் புள்ள. காது அடைச்சிருச்சா?"

மடிப்புகளில் கிழிந்திருந்த பிறப்புப் பத்திரத்தை அதிகாரி மெதுவாக விரித்தார்.

"அப்பா பேரு?"

"வீரசிங்கமுங்க."

"இந்தியாவுக்கு யாரோட போனீங்க?"

"எம்பத்து மூணு கலவரத்துல, பக்கத்து வீட்டுக்காரங்களோட. அப்ப நாலு வயசுங்க."

"யாரு வளத்தது?"

"சிவஞானம்... மாமா. அங்கேயே செத்துட்டாருங்க."

அதிகாரி வீரசிங்கத்தின் பக்கம் திரும்பினார். "நாப்பது வருசமா பெத்த மகளைத் தேடவே இல்லையா?"

"எங்க இருக்கான்னு தெரியும் சேர். கூட்டிட்டு வரத்தான் வழியில்ல."

"வேற புள்ளைங்க?"

"இல்ல. அவ ஒருத்திதான்." முதல் தடவையாக அவர் குரல் இறங்கிப் போயிருந்தது.

அதிகாரி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தாளை நகர்த்தினார். "இங்க பெருவிரலை வைங்க."

வெளியே வந்ததும் நிரஞ்சலா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அப்பாவும் மகளும் சேந்து நில்லுங்க, ஒரு போட்டோ எடுத்துக்கிறேன்."

"அதுக்குத்தானே இம்புட்டுப் பாடு!" என்று எரிந்து விழுந்துவிட்டு, வீரசிங்கம் லயத்துக்குப் போகும் மேட்டில் ஏறத் தொடங்கினார்.

அந்தப் பெண் பின்னாலேயே ஓடிப் போய் அவர் கையைப் பிடித்தாள். "அப்பா..."

"அப்பிடிக் கூப்புடாத." கையை உதறினார். "இதை நம்பி ரொம்பத் துள்ளாத. நாளைக்கு இன்னொருத்தன் வந்து இதுவும் செல்லாதும்பான். பெத்த அப்பனையே மாமான்னு சொல்ல வச்சுல்ல குடுத்திருக்கானுங்க."

அவள் அங்கேயே நின்றுவிட்டாள். அவர் திரும்பிப் பார்க்காமல் ஏறிக்கொண்டே சொன்னார்:

"சிவஞானம் நீ பொறந்ததை எழுதி வைக்கல. நான் எம் மக செத்ததை எழுதி வைக்கல. அம்புட்டுத்தான்."